கடலூரில் ஓய்ந்த பீரங்கியும் லிவர்பூல் கூஜாவின் கழுகும்

வங்கக் கரை வரலாறு – 17

ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலப் படை கடலூரை வளைத்துக்கொண்டதையும், ஊருக்குள் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படை அடைபட்டுக் கிடந்ததையும் போன இதழில் பார்த்தோம். 1783 ஜூன் 13-ம் தேதி நடந்த தரைச் சண்டையில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் பேர் செத்தும் காயம்பட்டும் விழுந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, ஜூன் 20 பிற்பகலில், சண்டை கடலுக்குப் போனது. ஆங்கில அட்மிரல் ஹியூஸிடம் 18 பெரிய போர்க்கப்பல்கள். எதிரே பிரெஞ்சு அட்மிரல் சுய்ப்ரேன் 15 கப்பல்களோடு நின்றார். புதுச்சேரிக்காரர்களுக்கு புஸ்ஸி, சுய்ப்ரேன் என்ற இரண்டு பெயர்களும் தெருப் பெயர்களாகப் பழக்கம். மூன்று மணி நேரம் பீரங்கிகள் மாறி மாறி முழங்கின. ஒரு கப்பல்கூட மூழ்கவில்லை. ஆனால் இரு தரப்பிலும் சேர்த்து இருநூறு பேர் அளவில் மாண்டார்கள். இருட்டியதும் கப்பல்கள் விலகின. ஹியூஸ் மதராஸ் பக்கம் ஒதுங்கிக்கொண்டார். அடுத்து ஜூன் 25-ல் பிரெஞ்சுப் படை கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து தாக்கித் தோற்றது. அதிலும் உயிர்ச்சேதம்.

இந்தச் சாவுகளில் ஒன்றுகூட நடந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்பே, ஜனவரி 20-ம் தேதியே, வெர்சாயில் இரண்டு அரசுகளும் பூர்வாங்க சமாதானத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. சேதி கப்பலேறி ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வர வேண்டுமே. ஜூன் 29-ம் தேதி ‘மீடியா’ என்ற ஆங்கிலக் கப்பல் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு கடலூருக்கு எதிரே வந்து நின்ற பிறகுதான் இங்கே துப்பாக்கிகளைக் கீழே வைத்தார்கள்.

எந்தப் போரின் சமாதானம் அது? அமெரிக்காவில் 1775-ல் மூண்ட விடுதலைப் போர். 1778-ல் பிரான்ஸ் அமெரிக்கர்களோடு கைகோத்தது. அன்றிலிருந்து ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் எங்கெங்கே எதிரெதிரே இருந்தார்களோ அங்கெல்லாம் தீப்பிடித்தது. சதுரங்கப்பட்டினம், நாகப்பட்டினம், திருகோணமலை என்று நம் கரையை ஒட்டியே ஹியூஸும் சுய்ப்ரேனும் ஐந்து முறை மோதினார்கள். ஐந்தாவது கடலூர். அதனால்தான் அமெரிக்க விடுதலைப் போரின் கடைசிச் சண்டை என்று கடலூரைச் சொல்கிறார்கள். பாஸ்டன் பக்கம் தொடங்கிய போரின் கடைசிப் பீரங்கிச் சத்தத்தைக் கேட்டவர்கள் தேவனாம்பட்டினத்து மீனவர்கள்.

இன்னொரு தேதிப் பொருத்தமும் இருக்கிறது. கடலூர்க் கடற்போருக்குச் சரியாக ஓராண்டு முன்னால், 1782 ஜூன் 20-ம் தேதி, அமெரிக்கக் காங்கிரஸ் தன் நாட்டு முத்திரையை ஏற்றுக்கொண்டது. சிறகு விரித்த கழுகு, மார்பில் கோடு போட்ட கேடயம், ஒரு காலில் ஒலிவக் கிளை, இன்னொரு காலில் அம்புக் கட்டு. இந்த இதழ் அந்தக் கழுகைப் பற்றியது. தாளை விட்டு இறங்கி மக்கள் வீட்டு மேசைக்கு அது வந்தது களிமண்ணில்தான். அதைக் களிமண்ணில் போட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கர் இல்லை.

லிவர்பூல் கூஜா என்று பழம்பொருள் சேர்ப்பவர்கள் சொல்லும் பாத்திரத்தைப் பார்ப்போம். பாலாடை நிறம். பீப்பாய் போல நடுவில் லேசாகப் புடைத்த வயிறு, முன்னால் கிளிமூக்குப் போன்ற சின்ன வாய், பின்னால் காது வடிவில் பிடி. ஒரு பக்கம் முழுப் பாய் விரித்த கப்பல், அதன் பின்புறக் கம்பத்தில் அமெரிக்கக் கொடி. மறுபக்கம் வாஷிங்டனின் முகம், அல்லது மாநிலங்களின் பெயர்களைச் சங்கிலி வளையமாகக் கோத்து நடுவில் சுதந்திர தேவி. வாய்க்குக் கீழே கழுகு. எல்லாம் கறுப்பு மையில் அச்சு. அதன் மேல் கொடிக்கு மட்டும் சிவப்பும் நீலமும், கடலலைக்குக் கொஞ்சம் பச்சையும் தூரிகையால் தொட்டிருப்பார்கள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் சிவப்பு கோட்டை விட்டு வெளியே வழிந்திருப்பது தெரியும். கப்பல் தலைவன் பணம் கொடுத்தால் அவன் பெயரையும் கப்பலின் பெயரையும் எழுதிக் கொடுப்பார்கள். அவன் அதை ஊருக்குக் கொண்டுபோய்க் கூடத்து மாடத்தில் வைப்பான்.

செய்தவர்கள் ஆங்கிலேயர்கள். தோற்ற நாட்டின் குயவர்கள் ஜெயித்த நாட்டின் பெருமையை அச்சடித்து, ஜெயித்தவர்களுக்கே விற்றார்கள். சந்தை இருந்தது. நிலக்கரி கையருகே இருந்தது. அமெரிக்காவுக்கு நல்ல பீங்கான் செய்யும் தொழில் இன்னும் வாய்க்கவில்லை. 1799 டிசம்பரில் வாஷிங்டன் இறந்ததும், கல்லறைக்கு மேலே தேவதைகள் அவரைத் தூக்கிக்கொண்டு போகும் படத்தோடு அஞ்சலிக் கூஜாக்கள் கப்பல் கப்பலாகப் போயின. 1812-ல் இரண்டு நாடுகளும் மறுபடி போரிட்டன. ‘கான்ஸ்டிடியூஷன்’ என்ற அமெரிக்கக் கப்பல் ‘கெரியர்’ என்ற ஆங்கிலக் கப்பலை அடித்து நொறுக்கியது. அந்தக் காட்சியையும் ஆங்கிலக் குயவர்கள் கூஜாவில் போட்டுக் கொடுத்தார்கள். தங்கள் நாட்டுக் கப்பல் அடிபட்டு நொறுங்குவதைத் தங்கள் கையாலேயே பாத்திரத்தில் ஒட்டிய அந்தப் பட்டறைத் தொழிலாளிகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் கடற்படையில் இருந்திருப்பார்கள்.

பாத்திரத்தில் படத்தை எப்படி அச்சடித்தார்கள் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வட்டமான, வழவழப்பான, வளைந்த பரப்பு. அதில் செப்புத் தகட்டை வைத்து அழுத்த முடியாது. லிவர்பூலைச் சேர்ந்த ஜான் சாட்லர், கை கிரீன் என்ற இருவர் இதற்கு வழி கண்டார்கள். 1756 ஜூலை 27-ம் தேதி, ஆறு மணி நேரத்துக்குள் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட ஓடுகளில் படம் அச்சடித்துக் காட்டியதாகச் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தார்கள். கையால் வரைகிறவர் ஒரு நாளில் எத்தனை ஓடு முடிப்பார் என்று நினைத்துப் பாருங்கள், அதன் பொருள் விளங்கும். செப்புத் தகட்டில் படத்தைக் கீறி, கீறலுக்குள் எண்ணெய் கலந்த மையைத் தேய்த்து நிரப்பி, மேலே இருக்கும் மையை வழித்துவிட வேண்டும். மெல்லிய தாளை அதன் மேல் வைத்து அழுத்தினால் படம் தாளுக்கு வரும். ஈரம் காயுமுன் அந்தத் தாளைப் பாத்திரத்தின் வயிற்றில் சுற்றி ஒட்டித் தேய்த்தால் தாளிலிருந்து படம் பாத்திரத்துக்கு மாறும். பிறகு சின்னச் சூளையில் மறுபடி ஒரு வேக்காடு. நீல அச்சுத் தட்டுகளில் முறை சற்று வேறு. மெருகு ஏற்றாத, ஒரு தடவை சுட்ட பாத்திரத்தில் படத்தை ஒட்டி, தாளைத் தண்ணீரில் கழுவி எடுத்து, அதற்கு மேல் மெருகு பூசிச் சுடுவார்கள். ஒட்டுகிற வேலை பெரும்பாலும் பெண்களுடையது. விளிம்புப் பூவேலை ஒன்றோடு ஒன்று சேரும் இடத்தில் இலை பாதியில் வெட்டுப்பட்டிருந்தால், அங்கே ஒரு பெண்ணின் கை அவசரப்பட்டிருக்கிறது.

அந்தக் கூஜாக்களில் சுதந்திரம், சுதந்திரம் என்று எழுதியிருக்கும். லிவர்பூல் துறைமுகமோ 1807 வரை அடிமைக் கப்பல்களை அனுப்பிக்கொண்டிருந்த துறைமுகம். இதைச் சொல்லாமல் அந்தப் பாத்திரங்களின் அழகை மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

கழுகு வந்த இன்னொரு வழி சீனா. 1784 பிப்ரவரி 22-ம் தேதி நியூயார்க்கிலிருந்து ‘எம்ப்ரஸ் ஆஃப் சைனா’ என்ற கப்பல் கான்டன் நகருக்குப் புறப்பட்டது. சரக்குப் பொறுப்பாளர் சாமுவேல் ஷா. விடுதலைப் போரில் பணியாற்றிய அதிகாரி. போரில் ஈடுபட்ட அதிகாரிகள் சேர்ந்து சின்சினாட்டி சங்கம் என்று ஒன்றை வைத்திருந்தார்கள். கழுகு வடிவப் பதக்கம் அதன் அடையாளம். அந்தச் சின்னத்தைப் பீங்கானில் எழுதி வாங்கிவர ஷா ஆசைப்பட்டார்.

கான்டனில் வேலை நடந்த விதம் இது. வெள்ளைப் பீங்கான் உள்நாட்டில் ஜிங்டெஜென் சூளைகளில் சுடப்பட்டு வரும். மேலே வர்ணம் தீட்டுவது கான்டன் பட்டறைகளில். வெளிநாட்டான் கொடுக்கும் தாளைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். ஒரு தட்டு பல கைகள் மாறும்; விளிம்புக்கு ஒருவர், பூவுக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர். தாளில் இருப்பது எதற்காக இருக்கிறது என்பது எழுதுகிறவருக்குத் தெரியாது. இந்த இடத்துக்குச் சிவப்பு என்று ஓரத்தில் குறித்து அனுப்பிய வார்த்தைகளையே பாத்திரத்தில் அழகாக எழுதி வைத்த தட்டுகள்கூட இருக்கின்றன. ஷா பல உருவங்கள் சேர்ந்த காட்சி ஒன்றைக் கேட்டார். தனித்தனிப் படமாகக் கொடுத்தால் அச்சு அசலாக எழுதிய ஓவியருக்கு, அவற்றைச் சேர்த்து ஒரே காட்சியாக அமைக்க வரவில்லை. கடைசியில் எக்காளம் ஊதிப் பறக்கும் ஒரு பெண் உருவம் மட்டும், கையில் கழுகுப் பதக்கத்தோடு அமைந்தது. ஓரத்தில் நீலப் பூவேலை. அந்தப் பாத்திரத் தொகுதி ஒன்றை, 302 உருப்படிகள், 1786-ல் வாஷிங்டன் தன் வீட்டுக்கு 150 டாலருக்கு வாங்கினார். நாட்டின் முதல் குடியரசுத் தலைவராகப் போகிறவரின் சாப்பாட்டு மேசையில் அவர் சங்கத்தின் பதக்கம் கான்டன் ஓவியரின் கைவண்ணத்தில் வந்து உட்கார்ந்தது.

பிறகு வந்த ஆண்டுகளில் கழுகுத் தட்டுகள் ஏராளமாகக் கான்டனிலிருந்து போயின. சிலவற்றில் கழுகு மெலிந்து, கழுத்து நீண்டு, புறாவைப் போலவோ காகத்தைப் போலவோ இருக்கும். நான் அந்தக் கழுகுகளைத்தான் விரும்புகிறேன். வாழ்நாளில் பார்த்திராத ஒரு நாட்டின் கொடியை, பார்த்திராத ஒரு பறவையை, கூலிக்கு எழுதிய கை அதில் இன்னும் தெரிகிறது.

அதே 1784-ல் இன்னொரு அமெரிக்கக் கப்பலும் கிழக்கே கிளம்பியது. பிலடெல்ஃபியாவிலிருந்து புறப்பட்ட ‘யுனைடெட் ஸ்டேட்ஸ்’. தலைவர் தாமஸ் பெல். அது 1784 டிசம்பர் 26-ம் தேதி புதுச்சேரியில் நங்கூரம் போட்டது. இந்தியாவுக்கு வந்த முதல் அமெரிக்கக் கப்பல் அதுதான். தங்கள் விடுதலைப் போரின் கடைசிச் சண்டை நடந்த கடலுக்கு வடக்கே இரண்டு காத தூரத்தில், சண்டை ஓய்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகாத நேரத்தில், புதிய கொடியோடு அவர்கள் வியாபாரத்துக்கு வந்து நின்றார்கள்.

அமெரிக்காவோடு இந்தக் கரைக்கு அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. தேவனாம்பட்டினம் கோட்டையை 1690-ல் மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கம்பெனி வாங்கியபோது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். கோட்டையிலிருந்து பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு உப்பலவாடி என்ற ஊர்ப் பெயரில் அந்தக் குண்டு இன்னும் கிடக்கிறது என்று ஊரார் சொல்வதை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்தோம். அந்த யேல் 1718-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றுக்கு ஒன்பது பொதி சரக்கை நன்கொடையாக அனுப்ப, கல்லூரி அவர் பெயரையே வைத்துக்கொண்டது.

நாட்டுச் சின்னத்தைப் பீங்கானில் எழுதி வாங்கும் வழக்கத்தை அமெரிக்கர்கள் தொடங்கவில்லை. டச்சுக் கம்பெனி தன் எழுத்து முத்திரையை ஜப்பானின் அரிட்டா தட்டுகளில் நீலத்தில் எழுத வைத்தது. ஐரோப்பியப் பிரபுக்கள் குலச் சின்னங்களைச் சீனாவுக்கு அனுப்பினார்கள். இதில் ஸ்வீடன்காரர்கள் கதை நமக்கு மிக நெருக்கம், ஏனென்றால் அது பரங்கிப்பேட்டையைத் தொட்டுப் போகிறது.

ஸ்வீடன் கிழக்கிந்தியக் கம்பெனி 1731-ல் தொடங்கியது. அதன் இரண்டாவது பயணத்துக் கப்பல் ‘உல்ரிகா எலியோனோரா’ 1733 செப்டம்பரில் பரங்கிப்பேட்டைக்கு வந்தது. சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலில் விழும் இடம். நவாப் ஆட்சியின் சம்மதத்தோடு கரையில் பண்டகசாலை போட்டார்கள். துணி வாங்க முன்பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். சுற்றுவட்டாரத்து நெசவாளர்களுக்குப் புதிதாக ஒரு வாங்குபவர் வந்தால் நல்லதுதானே. ஆனால் பழைய வாங்குபவர்கள் பொறுக்கவில்லை. எப்போதும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடிக்கும் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றுசேர்ந்து அக்டோபரில் படையோடு வந்தார்கள். பண்டகசாலையைப் பிடித்தார்கள். சரக்கு பறிபோனது, ஆட்கள் சிலர் சிறைப்பட்டார்கள். கப்பல் கிட்டத்தட்ட வெறுங்கையோடு போயிற்று.

ஸ்வீடன் கம்பெனி 1813 வரை 132 பயணங்களை நடத்தியது. அவற்றில் இந்தியாவுக்கு வந்தவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. மற்றதெல்லாம் கான்டன், தேயிலை, அதோடு கப்பலின் அடித்தட்டுப் பாரத்துக்குப் பீங்கான். பரங்கிப்பேட்டையில் பட்ட அடியும் அவர்களைச் சீனப் பக்கம் தள்ளியது என்றுதான் நான் நினைக்கிறேன். 1770-களில் அரசர் மூன்றாம் குஸ்தாவுக்காக மூன்று கிரீடங்கள் பொறித்த ஸ்வீடன் அரசச் சின்னத்தோடு கிரிப்ஸ்ஹோல்ம் தொகுதி என்ற பாத்திர வரிசை சீனாவில் உருவாயிற்று. அந்த மூன்று கிரீடங்களைப் படத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வெள்ளாற்று முகத்துவாரமும் காலியான ஒரு பண்டகசாலையும்தான் கண்ணில் வருகின்றன. நம் நெசவாளர் வாங்கியிருந்த முன்பணம் என்ன ஆயிற்று என்று எந்தத் தட்டிலும் எழுதியிருக்காது.

லிவர்பூலுக்கே திரும்புவோம். அங்கே 1796-ல் தொடங்கிய ஹெர்குலேனியம் பட்டறை அமெரிக்கச் சந்தைக்குக் கழுகுக் கூஜாக்கள் செய்தது. அதே பட்டறை நம் நாட்டையும் அச்சடித்தது. தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்ற ஓவியர்கள் இந்தியாவைச் சுற்றி வரைந்து, 1795 முதல் 1808 வரை 144 காட்சிகளாக வெளியிட்டார்கள். அந்தப் படங்களை எடுத்து நீல அச்சுத் தட்டுகளில் போட்டார்கள். அலகாபாத் சமாதிகள், நம் மதுரைக் கோட்டை. அமெரிக்காவுக்குக் கழுகும் கொடியும், ஆங்கிலேயர் வீட்டு விருந்து மேசைக்கு நம் இடிபாடுகளும். இறைச்சியை வெட்டி வைத்துத் தின்னத் தின்ன, குழம்புக்கு அடியிலிருந்து மதுரை மெல்ல வெளியே வரும்.

அந்தப் பட்டறைகள் கையிலெடுக்க நம் பகுதியில் காட்சிக்கா பஞ்சம்? 1781-ல் ஹைதர் அலியின் படை சிதம்பரம் கோயிலையே கோட்டையாக்கி உள்ளே இருந்தது. ஜூன் 18-ம் தேதி ஆங்கிலத் தளபதி அயர் கூட் அதைத் தாக்கி, அடிபட்டுத் திரும்பினார். கோபுரத்துக்குக் கீழே பீரங்கி நின்ற காலம் அது. சபாநாயகர் சன்னிதி இருக்கும் மதில் வளைவுக்குள் வெடிமருந்து. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 1-ம் தேதி, பரங்கிப்பேட்டைப் போரில் கூட் வென்றார். மறு வருஷம் அதே பரங்கிப்பேட்டையில் சுய்ப்ரேன் பிரெஞ்சுத் துருப்புகளை இறக்க, ஏப்ரலில் கடலூர் அவர்கள் கைக்குப் போயிற்று. அதை மீட்க வந்த படையில் வங்காளத்திலிருந்து கால்நடையாகவே நடந்து வந்த சிப்பாய்களும் இருந்தார்கள். பிரெஞ்சுக்காரர் பக்கமும் நம் ஊர்ச் சிப்பாய்கள். அமெரிக்க விடுதலைக்குத் துணைநின்ற பிரெஞ்சு வீரன் லஃபாயட் 1824-ல் நியூயார்க்கில் வந்து இறங்கியதை இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயர் குயவர்கள் ஆழ்ந்த நீலத்தில் அச்சடித்து விற்றார்கள். அதே போரில் கடலூர் மணலில் விழுந்த சிப்பாய்க்கு ஒரு குவளைகூட இல்லை. ஒரு போர் யாருக்கு நினைவாகிறது என்பதைப் பட்டறையும் சந்தையும் சேர்ந்து முடிவு செய்திருக்கின்றன. இது என்னை வருத்துகிறது.

மண்ணுக்கும் இந்த மாவட்டத்தில் குறைவில்லை. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிந்திருக்கிறது. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையே வந்து, விளக்கும் பொம்மையும் செய்தார்கள். பண்ருட்டிப் பொம்மைக்குக் கடல் கடந்தும் பெயர்.

1783 சண்டைக் குறிப்புகளில் பந்திபொள்ளம் குன்றுகள் என்று ஒரு பெயர் வரும். ஆங்கிலேயர் நாக்கில் அப்படி ஆனது நம் வண்டிப்பாளையம். அந்த வண்டிப்பாளையத்தில் இன்று கொலுப் பொம்மை செய்கிறார்கள். புரட்டாசிக்கு முன்னால் ஒரு காலை நான் போனபோது திண்ணையில் காந்தி பொம்மைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. அச்சிலிருந்து எடுத்து, சுட்டு, வெள்ளை பூசி, உடம்புக்கு மாநிறம் கொடுத்தாயிற்று; கண்கள் மட்டும் இன்னும் இல்லை. பக்கத்துப் பலகையில் முண்டாசுக்குச் சிவப்பு இன்னும் ஏறாத பாரதி. அதற்கு அப்பால் கையில் கொடிக்கம்பு மட்டும் பிடித்த பாரதமாதா, கொடிக்கு வர்ணம் வரவில்லை. வீட்டு அம்மாள் முழங்காலை மடித்து உட்கார்ந்து, நாலைந்து மயிர் மட்டும் விட்ட தூரிகையைக் கறுப்பில் தொட்டு, ஒரு காந்தியை இடது உள்ளங்கையில் சாய்த்துக்கொண்டார்.

“பேசாம இருங்க தம்பி, கண்ணு எழுதப் போறேன்” என்றார்.

மூச்சை அடக்கிக்கொண்டு இடது கண்ணை எழுதினார். பிறகு வலது. மூக்குக்கண்ணாடி அதற்கப்புறம்.